தொண்ணூறு சார்ட்

உம்மே ஹானி ராயப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். விலங்கியல் படித்துவிட்டு, அடையாறில் ஒரு மெடிக்கல் கோடிங் அலுவலகத்தில் பன்னிரண்டு வருஷமாக வேலை. அமெரிக்க நோயாளிகளின் குறிப்புகளைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்களைப் போட வேண்டும். ஓர் ஆளின் குறிப்பு ஒரு சார்ட். நாளைக்கு அறுபது முடித்தால் போதும். அவள் அறுபத்தைந்து முடித்துவிட்டு ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்துவிடுவாள்.

வயது நாற்பதைத் தாண்டியதும் மத்தியானத்துக்கு மேல் எழுத்துகள் கண்ணில் நழுவ ஆரம்பித்தன. பக்கத்து இருக்கை கிஷோர் ஒரு மாத்திரை அட்டையை நீட்டினான்.

"எனக்குத்தான் ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்றாள்.

"ஒடம்புக்கு இல்லக்கா, மூளைக்கு. இங்க பாதிப் பேரு இத்தப் போட்டுக்கினுதான் கீறாங்க."

கண்ட நேரத்தில் தூக்கம் அமுக்குகிற வியாதிக்காரர்களுக்கான மாத்திரை அது. அன்றைக்குப் பாதியை விழுங்கினாள். சுற்றியிருந்த பேச்சுச் சத்தமெல்லாம் எங்கோ தூரப் போய்விட்டது. எண்பத்தெட்டு சார்ட். மறுநாள் தொண்ணூற்றிரண்டு. மாத்திரை விஷயம் கிஷோரைத் தவிர யாருக்கும் தெரியாது.

மாதக் கடைசிக் கூட்டத்தில் மேலாளர், "ஹானி மேடத்தால முடியுதுன்னா எல்லாராலயும் முடியும்" என்றார். அடுத்த மாதம் எல்லோருக்கும் இலக்கு தொண்ணூறு ஆனது.

வேளச்சேரியிலிருந்து வரும் அனு, ஒரு பிழை விடாதவள். கிஷோர் கொடுத்ததை வேண்டாம் என்று தள்ளியவள். எழுபதைத் தாண்ட அவளால் முடியவில்லை. மூன்றாம் மாதம் ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டார்கள். லிஃப்ட் வாசலில் ஹானியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாத்திர போடாமலே நீங்க பண்றீங்களேக்கா, எனக்கு ஏன் வரல?"

"லிஃப்ட் வந்துடுச்சு, ஏறு" என்றாள் ஹானி.

அன்றே அட்டையைக் குப்பையில் போட்டாள். மறுநாள் நாற்பத்தொன்று. ஒரு வாரம் போயும் ஐம்பத்தெட்டு. பழைய அறுபத்தைந்துகூடத் திரும்பவில்லை. எச்சரிக்கைக் கடிதம் வந்தது. படபடப்பு என்று மந்தைவெளியில் டாக்டரிடம் போய், மாத்திரை விஷயத்தையும் சொன்னாள்.

"உங்களுக்கு நோயே இல்லியேம்மா. அந்த மாத்திரைய இனிமே தொடாதீங்க."

"தொடலன்னா வேல போயிடும் டாக்டர்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"வேல போனாப் போவுது, உடு" என்றார் கணவர் உமர் ஃபாரூக். சொன்னவர் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடி எட்டு மாதம் ஆகியிருந்தது; மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம்.

மறுபடி போட ஆரம்பித்தாள். இப்போது பாதி போதவில்லை, முழுசு. வேலை நடந்தது. வீட்டில் மகள் ஏதாவது சொன்னால் இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது. இலக்கை நூறாக்கப் போவதாகப் பேச்சு அடிபட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுவுக்குப் போன் போட்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"இன்னமும் போடறீங்களாக்கா?"

"ஆமா."

"ஒடம்பப் பாத்துக்கோங்க" என்று அனு வைத்துவிட்டாள். அதில் கோபம் இருந்ததா என்று ஹானியால் கண்டுபிடிக்க முடியவில்லை. திரும்பக் கூப்பிட்டுக் கேட்கவும் தைரியம் வரவில்லை.