அழகாகக் கட்டிய வயர்

போர்ட் பிளேரில் எங்கள் அப்பா கவர்மென்ட் எலக்ட்ரீஷியன். அவர் வயர் இழுத்த சுவர் கோடு போட்ட நோட்டு மாதிரி இருக்கும். அம்மாவின் தம்பி, என் மாமா, அதற்கு நேர் எதிர். கப்பலில் வரும் சாமான்களுக்காக மாதக்கணக்கில் காத்திருந்து, ஒரு பால்பவுடர் டப்பாவுக்குள் கிதார் சத்தத்தைக் கரகரக்க வைக்கும் கருவி ஒன்றைச் செய்தார். உள்ளே வயர்கள் ஆளுக்கொரு திசையில் வளைந்து கிடந்தன.

“மாப்ளே, இது வயரிங்கா, காக்கா கூடா?” என்றார் அப்பா. மாமா சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. மாமா என்றால் எனக்கு உயிர்.

கோவில் திருநாள் மேடையில் மாமா வாசிப்பதைக் கேட்க கிளப் பேண்டு மாஸ்டர் வருவதாக ஏற்பாடு. பிடித்தால் பேண்டில் சேர்த்துக்கொள்வார். அந்த நினைப்பிலேயே மாமா மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. திருநாளன்று மத்தியானம் எல்லோரும் அசந்து படுத்திருக்க, ஒன்பது வயதுப் பெண்ணான நான் டப்பாவைத் திறந்தேன். ஒரு வயரும் அறாமல், எல்லாவற்றையும் நீவிச் சேர்த்து, அப்பா கட்டுவது போலவே விரற்கடைக்கு ஒரு முடிச்சாக நூலால் கட்டினேன். பார்க்க அத்தனை அழகு. மூடி வைத்துவிட்டுத் தலைவாரப் போனேன்.

மேடையில் மாமா கிதாரை மாட்டிக்கொண்டு, டப்பா மேலிருந்த ஸ்விட்சைக் காலால் மிதித்ததும் அது ஊளையிட்டது. கப்பல் சங்கு தோற்றது. “அரே, பந்த் கரோ!” என்று நிறுத்தச் சொல்லிக் கூட்டம் கத்தியது. பேண்டு மாஸ்டர் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மேடைக்குப் பின்னால் டப்பாவைத் திறந்த மாமாவின் முகம் செத்துப்போயிருந்தது. “உள்ள வர்ற வயரும் வெளிய போற வயரும் ஒட்டிக் கெடந்தா கத்தத்தான செய்யும்? அதுக்குத்தான தள்ளித் தள்ளி வச்சிருந்தேன். நீங்களா அத்தான் கட்டுனீங்க?”

அப்பா முடிச்சுகளை உற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஆமா மாப்ளே. நாந்தான். தப்புதான்.”

அன்று அம்மா அவரைத் திட்டிய திட்டு தெருவுக்கே கேட்டது. மேலதிகாரியிடம்கூடத் தணிந்து பேசாத மனிதர், மறுநாள் காலை பேண்டு மாஸ்டர் வீட்டு வாசலில் நின்று, “மேரா கல்தி ஹை, சாப்” என்று தனக்குத் தெரிந்த இந்தியில் மன்னிப்புக் கேட்டு, மாமாவுக்கு இன்னொரு வாய்ப்பு வாங்கி வந்தார். எனக்காகத்தான் அப்படிப் போய் நின்றார் என்று இப்போது புரிகிறது.

அப்போதோ, நான் இரண்டு நாள் அப்பாவுடன் பேசவில்லை. மாமா சொன்ன உள்ளே வெளியே கணக்கெல்லாம் என் மண்டையில் ஏறவே இல்லை. கை நோக அத்தனை அழகாகக் கட்டியது நான். பேரை அவர் தட்டிக்கொண்டு போகிறாரே என்று கோபம்.