எடைக் கொட்டகைக்கு எதிரே ஒரு கடை

மரியாக்கா தன் கடையில் பிஸ்கட் பாக்கெட்டின் தூசியைத் துடைக்கும்போதுதான் எனக்குப் பொறி தட்டுகிறது: இந்தக் கடையை இங்கே வரவழைத்ததே கொழுந்து மூட்டைதான்! தேயிலைச் சரிவின் அடிவாரத்தில் இருக்கும் ஒரே கடை இது. மேலே வெட்டிய கொழுந்தை எல்லோரும் கீழே இறக்கி, எதிரே உள்ள கொட்டகையில் எடை போட்டார்கள். மூட்டையை இறக்கிய கையோடு இங்கே தேநீர் குடித்தார்கள். போன மழையில் மண் சரிந்து கீழ்ப்பாதை அடைபட்டது. கொழுந்து ஏற்றும் லோரி மேல்ரோட்டிலேயே நிற்கிறது. எடை போடுவதும் அங்கே போய்விட்டது. கொட்டகையில் இப்போது இரண்டு நாய்கள் தூங்குகின்றன.

உற்சாகத்தில் சொல்லிவிடுகிறேன்: “அக்கா, கடைய மேல மாத்திருங்க!”

“நல்லா சொன்ன தம்பி! தலையில தூக்கி வச்சுக்கவா? ரோட்டோரம் பூரா டூரிஸ்டுக்கு ஸ்ட்ராபெரி விக்கிறவன் கடை. எனக்கு யாரு லா எடம் தருவா?”

சிரித்தவர், குரலைத் தாழ்த்துகிறார். “மகன் தானா ராத்தா டவுனுக்கு வந்துருன்னு கூப்புடுறான். போயி அவன் வீட்டுல சும்மா ஒக்காந்து செவுத்தப் பாக்கவா?”

அவர் பழைய கொழுந்துக் கூடையை இழுத்து, ரொட்டியை அடுக்குகிறார். வீங்கிய முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுகிறார்.

“காலைல எடை போடுற நேரத்துக்கு மேல தூக்கிட்டுப் போயி வித்துப் பாக்குறேன்.”

நாளைக் காலை நான் ஊர் திரும்ப வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு அந்தக் கூடையை நான் சுமக்கப்போகிறேன். நாளைக்கு மட்டும்தான் என்னால் முடியும்; அடுத்த நாள் கிளம்பியாக வேண்டும்.