தவிட்டுப் பிள்ளைக்கு அம்மை குத்திய நாள்

அம்மை குத்துவதற்கு ஒரு முறை உண்டு. குழந்தையின் மேற்கையைத் தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும். ஸ்பிரிட் தடவினால் மருந்து செத்துவிடும். ஊசியை நெருப்பில் காட்டி ஆறவிட வேண்டும். தோலைக் கீறலாம், ரத்தம் ஓடக் கூடாது. எட்டாம் நாள் மறுபடி பார்க்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இன்றும் சொல்வேன். ஆனால், அம்மாவே வந்து குழந்தைக்கு அம்மா இல்லை என்று சொன்னால் என்ன செய்வது என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில் சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து மருத்துவமனையில் நான் டிரெஸ்ஸராக, அதாவது டாக்டரின் உதவியாளாக, இருந்தேன். வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் ஈப்போவிலிருந்து காரில் வந்து போவார். மற்ற நாட்களில் காய்ச்சலும் நானும்தான். பக்கத்துத் தோட்டத்தில் ஒருவருக்கு அம்மை போட்டிருக்கிறது என்று செய்தி வந்ததும், எல்லாக் குழந்தைகளுக்கும் குத்தியாக வேண்டும் என்று அவர் வந்து இறங்கினார். தாய்மார் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகும் ஆயாக் கொட்டகையின் வாசலில் மேசை போட்டோம். பெற்றவர் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும் என்பது டாக்டரின் விதி. பெற்றவர் இல்லாத குழந்தை ஈப்போவில் அனாதை விடுதிக்குப் போக வேண்டும் என்பதும் அவருடைய விதிதான்.

டாக்டர் தமிழ்ப் பரீட்சையில் தேறியவர். யாரோ ஒரு முன்ஷி கற்றுக்கொடுத்த தமிழ்.

வரிசையில் முதலாவதாக ஒருத்தி, எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இச்சிசுவை ஈன்றவள் எவள்?" என்றார் டாக்டர்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "என்னா கேக்குறாரு?"

"யார் பிள்ளைன்னு கேக்குறாரு."

"யாரு பிள்ளையோ! குப்பையில கெடந்துச்சு," என்றாள், கூரைக்கும் கேட்கும்படி. குழந்தை அவள் தாலியைச் சப்பிக்கொண்டிருந்தது. இருவருக்கும் மூக்கு ஒரே அச்சு.

டாக்டரைத் தவிர எல்லோருக்கும் விஷயம் தெரியும். அவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தொட்டிலிலேயே போய்விட்டன. மூன்றாவது தங்க வேண்டுமென்றால் அது அவளுடையது என்று எமனுக்குத் தெரியக் கூடாது. ஆகவே பிறந்த கையோடு குப்பைமேட்டில் புரட்டி, தோட்டத்துக் கடைக்காரருக்கு ஒரு படி தவிட்டுக்கு விற்றுவிட்டாள். கடைக்காரர் நாகப்பட்டினம் பக்கத்து முஸ்லிம். தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். அவரும் தவிட்டை அளந்து கொடுத்து, பிள்ளையை வாங்கி, "எனக்காக வளத்துக் குடு தங்கச்சி" என்று அவளிடமே கொடுத்துவிட்டார். அன்று முதல் அவள் வளர்ப்பது நானாவின் பிள்ளையை. "என் பிள்ளை" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னாலும் எல்லாம் வீண். அதிலும் அம்மை குத்தும் மேசைக்கு முன்னால் சொல்வாளா? ஊசியை அவள் மறுக்கவில்லை. சொந்தம் கொண்டாடத்தான் மறுத்தாள்.

டாக்டர் அவள் புருஷனைக் கேட்டார். அவன் தூணைப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க," என்றான்.

"அனாதை," என்றார் டாக்டர். "வாகனத்தில் ஏற்றுக."

அவள் கை குழந்தையை இறுக்கியது.

நான் ஆங்கிலத்தில் விளக்கினேன். அனாதை இல்லை, விற்கப்பட்ட குழந்தை; விலை ஒரு படி தவிடு; வாங்கியவர் கடையில் இருக்கிறார். ஒரு சொல்லும் பிசகாத மொழிபெயர்ப்பு. டாக்டர் கழுத்திலிருந்து காது வரை சிவந்துபோனார். குழந்தையை விற்பது குற்றம், வாங்கியவனைப் போலீசில் ஒப்படைக்க வேண்டும் என்றார். விதிப்படி பார்த்தால் முழுக்கச் சரி.

நானா, சர்க்கரை அள்ளும் கரண்டியோடு வந்து சேர்ந்தார்.

"நானா," என்றாள் அவள். "உங்க பிள்ளைய ஈப்போவுக்குத் தூக்கிட்டுப் போறாங்களாம். ஏதாச்சும் சொல்லுங்க நானா."

"இக்குழவியை நீ விலைக்கு வாங்கினாயா?" என்றார் டாக்டர்.

நானா டாக்டரைப் பார்த்தார். காரைப் பார்த்தார். "வெலைக்கா? யா அல்லா! இது என் சொந்தப் பிள்ளைங்க தொர."

"உன் மனைவி எங்கே?"

"ஊர்ல."

"நீ இறுதியாக ஊர் சென்றது எப்போது?"

"அது ஆச்சுங்க, நாலு வருஷம்."

டாக்டர் குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தார். இரண்டு பற்கள். ஏதோ கணக்குப் போட்டார். அவருடைய மனைவியும் கடல் கடந்த ஊரில்தான் இருந்தார். அதற்குமேல் கேட்கவில்லை.

"தந்தையே, அமர்க," என்றார்.

நான் கீறியபோது குழந்தை லேசாகச் சிணுங்கியது. அலறியது நானா.

"பெத்த வயிறு பதறுது பாருங்கடி," என்றாள் ஆயா.

டாக்டர் அறிவுரைகளைத் தந்தைக்குச் சொன்னார். தந்தை ஒவ்வொன்றையும் அவள் பக்கம் திரும்பிக் கூவினார். "தண்ணி படக்கூடாதாம்! சாணி, சாம்பல் ஒண்ணும் பூசக்கூடாதாம்! சொறிய விடக்கூடாதாம்! காய்ச்சல் கூடினா டிரெசர்ட்ட வரணுமாம்!"

"எங்கிட்ட ஏன் சொல்றீங்க? எனக்கென்ன வந்துச்சு?" என்றாள் அவள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டே.

மற்ற பிள்ளைகளின் கைகளில் மறுநாளே சாணியும் சாம்பலும் ஏறின. சொந்தப் பிள்ளை, சொந்தச் சாணி; டிரெஸ்ஸர் பேச்சை யார் கேட்டார்கள்? இந்தக் குழந்தையிடம் மட்டும் எவரும் நெருங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சாம்பல் கிண்ணத்தோடு வந்தபோது, "அடுத்தவங்க பிள்ளக்கா, நாளைக்கு நானாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்று அவள் தடுத்துவிட்டாள். நானா தினமும் கடை திறக்குமுன் கூலிகளின் லயத்து வீடுகளுக்கு வந்து கையைப் பார்த்துவிட்டுப் போனார். என் உத்தியோக காலத்தில் என் உத்தரவு ஒன்றுவிடாமல் நிறைவேறியது அந்த ஒரு கையில்தான். பெற்றோருக்கு நான் சொல்லக்கூடிய யோசனையும் இது ஒன்றுதான்: இரவல் வாங்கிய பிள்ளையைப் போல உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் நாள் டாக்டர் வந்தார். பல கைகள் சீழ் பிடித்திருந்தன. இந்தக் கையில் கொப்புளம் பாடப்புத்தகத்தில் இருப்பது போல எழும்பியிருந்தது. குத்து நன்றாகப் பிடித்துவிட்டது, இனி பயமில்லை என்றார்.

"அன்னையரே! இத்தந்தையைக் கண்டு கற்பீராக!"

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நானா நெஞ்சை நிமிர்த்தி, "பெத்தவனுக்குத்தான்லா தெரியும்," என்றார்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. கார் திருப்பத்தில் மறையும்வரை நின்றாள்.

"பிள்ளைய இப்புடியா தூக்குவாங்க? கழுத்து தொங்குது. குடுங்க நானா, தூங்கினதும் திருப்பித் தரேன்."

வாங்கிக்கொண்டபோது முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கையை மட்டும் பார்த்துவிட்டு, "சீ, கரிமூஞ்சி," என்று உரக்கத் திட்டியபடி வீட்டுக்குள் போனாள்.