கற்பூரக் கோழியும் கணவாய்க் காற்றும்

கரியடுப்பில் கோழி சுட்டுப் பிழைப்பவர்களுக்கு, எத்தனை முறை சீயக்காய் போட்டுக் குளித்தாலும் தலையில் புகை வாசம் போகாது. கோயிலில் பக்கத்தில் நிற்கிறவர் மூக்கை உறிஞ்சி, "எங்கியோ கோழி சுடறாங்களாட்ட இருக்குது" என்று சுற்றுமுற்றும் பார்க்கும்போது, நாம் சாமியை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். புருவம் கருகியவர்கள், முழங்கை வரை சூடு வாங்கியவர்கள், முதல் கோழி திரும்பி வந்தபோது சமையலறைக்குள் போய் அழுதவர்கள் எல்லாரும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

நான் இந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டு வரவில்லை. என் வீட்டுக்காரர் பழனிச்சாமி லாரி டிரைவர். ஒரு விடியற்காலையில் ஆந்திராப் பக்கம் அவர் கண்ணசந்துவிட, வண்டி பாலத்துச் சுவரை இடித்துக்கொண்டு, முன்சக்கரம் அந்தரத்தில் தொங்க நின்றது. போனில் செய்தி கேட்டு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் முழுசாக வீடு வந்து சேர்ந்ததும், இனிமேல் லாரி வேண்டவே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றேன். கேரள எல்லையில், வாளையார் நெடுஞ்சாலை ஓரமாக அவருடைய அண்ணன் இடத்தில் ஒரு அல்ஃபாம் கடை போட்டோம். கோழியைப் பிளந்து மசாலா தடவி, கம்பி வலைக்குள் இறுக்கிக் கரியில் சுடுகிற அரபு நாட்டுப் பண்டம் அது. கேரளத்தில் இப்போது தெருவுக்கு நாலு கடை இருக்கிறது.

திறப்பு விழா அன்று மெதுவாகக் கேட்டேன்: "ஏனுங்க, கடை ஓடலீன்னா என்ன பண்றதுங்க?" அவர் சோதனைச் சாவடிப் பக்கம் வரிசைகட்டி நின்ற லாரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடை படுத்தால் மனுஷன் மறுபடி வண்டி ஏறிவிடுவார், அவ்வளவுதான்.

விறகடுப்புத் திமிர்

சுடுவதற்கு மலப்புறத்திலிருந்து ஒரு மாஸ்டரை வைத்திருந்தோம். ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒருநாள் மத்தியானம் பையும் கையுமாக வந்து நின்று, துபாய்க்கு விசா வந்துவிட்டது, போகிறேன் என்றார். நான் வாயைப் பிளந்தேன். மசாலாவில் ஊறிய கோழி அத்தனையும் தயாராக இருக்கிறது. வீட்டுக்காரருக்கோ முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாது. சரி போ என்று முந்தானையை இழுத்துச் செருகினேன். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தோட்டத்து வீட்டில் பிறந்து, நெல்லறுப்புக்கு ஆள் வந்தால் விறகடுப்பில் அண்டா ஏற்றுகிறவள் நான். எனக்குத் தெரியாத நெருப்பா?

தெரியவில்லை. விறகடுப்பில் தீ எரிந்தால்தான் சோறு வேகும். கரியடுப்பிலோ தீ அடங்கி, கரிமேல் சாம்பல் பூத்த பிறகுதான் கோழியை வைக்க வேண்டுமாம். நான் தீ திகுதிகுவென்று எரியும்போதே வைத்தேன். கொழுப்பு உருகிச் சொட்டியதும் நெருப்பு ஆளுயரத்துக்கு எழும்பி என் வலது புருவத்தைக் கொண்டுபோய்விட்டது. கோழி கன்னங்கரேல் என்று ஆனதும் வெந்துவிட்டது என்று முடிவுசெய்து தட்டில் வைத்தேன். நாமக்கல் டிரைவர் ஒருவர் தொடையைப் பிய்த்தார். உள்ளே பச்சை ரத்தம். அவர் தட்டைப் பார்த்தார், என் ஒற்றைப் புருவத்தைப் பார்த்தார், அப்புறம் மரியாதையாகவே சொன்னார்:

"ஏனுங்க அக்கா, இதும்மேல ரெண்டு கை தண்ணி தெளிச்சா எந்திரிச்சு நடந்துருமாட்ட இருக்குதுங்க!"

பக்திக் கோழி

அடுத்த தலைவலி கரியைப் பற்றவைப்பது. கொட்டாங்குச்சிக் கரி லேசில் பிடிக்காது. மண்ணெண்ணெய் ஊற்றினால் கறியில் வாடை ஏறும் என்று மாஸ்டர் போகும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் யோசித்தேன். வாடையில்லாமல், சாம்பல்கூட மிச்சமில்லாமல் எரிந்துபோகிற பொருள் நம் வீட்டில் என்ன இருக்கிறது? சாமி அலமாரியில் கை வைத்தேன். நாலு கட்டி கற்பூரம் போட்டேன், கரி குப்பென்று பிடித்துக்கொண்டது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். அன்றிலிருந்து தினமும் பக்கத்து மளிகைக் கடைக் காதர் பாயிடம் டப்பா டப்பாவாகக் கற்பூரம் வாங்கினேன். வீட்டில் ஏதோ பெரிய வேண்டுதல் என்று நினைத்து அவர் ஒன்றும் கேட்கவில்லை.

சில நாளாகவே சாப்பிடுகிறவர்கள் பாதியில் நிறுத்தி எதையோ யோசிப்பதைப் பார்த்தேன். என்னவென்றுதான் பிடிபடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பேரன் பேத்தியோடு வந்து சாப்பிட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். காரம் அதிகமோ என்று பயந்துகொண்டே போனேன். அவர் சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது:

"அம்முணி, கோழி நல்லாத்தான் இருக்குது. ஆனா வாயில வெச்சதுமே கை தன்னால கன்னத்துல போட்டுக்குதே, அது ஏன்?"

காற்று திரும்பிய சாயங்காலம்

கற்பூரத்தை விட்டுத் தேங்காய் நாருக்கு மாறினேன். கோழியும் ஒருவழியாக வேகத் தொடங்கியது. ஆனாலும் பழைய டிரைவர் கூட்டாளிகள் வந்து வீட்டுக்காரரிடம் லோடு, ரூட் என்று பேசும்போதெல்லாம் என் காது அங்கேதான் இருக்கும். அவர் "ம்" கொட்டினால் எனக்கு இங்கே கை தவறும்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கும். கார்த்திகை பிறந்தால் கிழக்கேயிருந்து திரும்பி அடிக்கும். எங்கள் பக்கம் களத்தில் தூற்றுகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் முறத்தைப் பிடிப்பார்கள். அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த நாங்கள் இரண்டு பேரும் ஆடி மாதத்தில் கடையின் கிழக்கு ஓரமாக அடுப்பைச் சிமெண்டு போட்டு நட்டுவிட்டு, புகை நம் பக்கம் வரவே வராது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம், சொல்லாமல் கொள்ளாமல் காற்று திரும்பியது. புகை மொத்தமும் சாப்பிடுகிறவர்கள் முகத்தில். அது போகட்டும். பொறி பறந்தது பாருங்கள், நேராக மேற்கே நின்றிருந்த வைக்கோல் லாரிக்கு! டிரைவர் கை கழுவிக்கொண்டிருந்தார். லோடின் ஓரத்தில் சின்னதாகப் புகை கிளம்பியதும் எனக்கு உயிரே போய்விட்டது. வாளியில் தண்ணீர் இல்லை. மசாலா கரைத்து வைத்திருந்த பெரிய வாளி இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஓடி அப்படியே வீசினேன். காதர் பாய் குடத்தோடு ஓடி வந்தார். நல்லவேளை, புகைந்தது அணைந்துவிட்டது. மிளகாயும் இஞ்சியும் பூண்டுமாகச் சிவந்து வழிந்த வைக்கோலை அந்த டிரைவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அடி விழும் என்றே நினைத்தேன். அவர் சொன்னார்:

"இதைத் தின்னா எங்க மொதலாளி மாடு நாளைக்கு நேரா மசாலாப் பால்தானுங்க கறக்கும்!"

பஞ்சரான டயர்

ஒருநாள் பட்டப்பகலில் கல்பாத்தி அக்ரகாரத்துப் பெரியவர் ஒருவர் நெற்றி நிறையச் சந்தனத்தோடு காரிலிருந்து இறங்கி நேராக என் அடுப்புக்கு வந்தார். கோழி தின்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். நானும் கிடுக்கியைக் கீழே போட்டுவிட்டேன். அவர் துணிப்பையிலிருந்து இரண்டு பெரிய கத்திரிக்காய்களை எடுத்தார். இப்போது இருப்பது கோயம்புத்தூரில் மகள் வீட்டிலாம், அங்கே கரண்ட் அடுப்புதானாம். சுட்ட கத்திரிக்காய்த் துவையல் சாப்பிட்டு எத்தனையோ நாளாகிவிட்டதாம். இன்னும் கோழி படாத புதுக் கம்பி வலையை எடுத்து, தனியாகக் கரி போட்டுச் சுட்டுக் கொடுத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு பயந்து நான் எதையும் சுட்டதில்லை. சூடு ஆறும் முன்பே பையில் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி அவர் சொன்னது:

"கத்திரிக்காய் பேஷா வெந்திருக்கு. எங்காத்து மனுஷா யாராவது இந்தப் பக்கம் வந்து கேட்டா, டயர் பஞ்சராயி நின்னேன்னு சொல்லிடுங்கோ, கேட்டேளா?"

முதலாளி வந்தார்

தை பிறந்ததும் கடையில் கூட்டம் பிடிக்க ஆரம்பித்தது. கரிக்கு மேலே உள்ளங்கையைக் காட்டினாலே இது கோழிக்குச் சரி, இது சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். அப்பாடா என்று மூச்சு விட்ட ஒரு மத்தியானம், திருச்செங்கோட்டிலிருந்து என் வீட்டுக்காரருடைய பழைய லாரி முதலாளி காரில் வந்து இறங்கினார். சும்மா வந்தவராகத் தெரியவில்லை. வந்த உடனேயே இவர் தோளில் கை போட்டு உட்காரவைத்துக்கொண்டார்.

நான் அவருக்கு ஒரு முழுக்கோழி சுட்டேன். அதுவரை சுட்டதிலேயே அதுதான் நல்ல கோழி, சத்தியமாகச் சொல்கிறேன். இப்படிக் கைமணம் இருக்கிற கடையை விட்டுவிட்டு எவன் போவான் என்று அவரே நினைக்க வேண்டும் என்பது என் திட்டம். அவர் எலும்பைக்கூட விடாமல் சாப்பிட்டுவிட்டு, விரலைச் சூப்பிக்கொண்டே பேச்சை எடுத்தார்: "பழனிச்சாமி, புது வண்டி இறக்கியிருக்கறேன். ஏசி கேபின். நீதான் ஓட்டோணும். கடையத்தான் அம்முணி நல்லாப் பாத்துக்குதே!" பாவி, நான் நன்றாகச் சுட்டதுதான் வினையா? கோழியைக் கருக விட்டிருக்கலாமே!

இவர் எழுந்து, "வேண்டாமுங்க, கடை வேலை இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னார். முதலாளி எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கார் ஏறிப் போனார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை புகை தின்றதற்குப் பலன் கிடைத்துவிட்டது என்று கண் நிறைந்துவிட்டது. கிடுக்கியும் கையுமாக ஓடிப்போய், "கடை நல்லா ஓடறதுனாலதானே வேண்டாம்ன்னீங்க?" என்று கேட்டேன். இவர் தலையைக் குனிந்துகொண்டார். மேஜையைத் துடைப்பதுபோல் கொஞ்ச நேரம் துடைத்த இடத்தையே துடைத்தார். அப்புறம் சொன்னார்:

"கடை மூடிக் கெடந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன், சரசு. பாலத்துல தொங்குன அன்னைக்கிருந்து ஸ்டேரிங்க நெனைச்சாலே எனக்குக் கை நடுங்குது. ஆம்பளை, இதைப் போய் உன்றகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் சும்மா இருந்துட்டேன்."

அவரைக் கட்டிக்கொண்டு அழுவதா, கையிலிருந்த கிடுக்கியால் ஒன்று போடுவதா என்று தெரியாமல் நின்ற எனக்கு அப்போது தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: இதை மனுஷன் முதல் நாளே சொல்லித் தொலைத்திருந்தால், நான் நிம்மதியாக ஒரு இட்லிக் கடை போட்டிருப்பேனே!