வீரசோழன் பேக்கரியில் வெந்த கொலுசு

மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். டிக்கெட் ஐம்பது ரூபாய். காலை ஏழரைக்குப் பேருந்து நிலையத்தில் இறங்கி ஒரு டீயைக் குடித்தேன். கோபம் மட்டும் ஆறவில்லை. சேலத்தில் ஏறும்போதே கூட வந்த கோபம் அது.

முந்தின நாள் முத்துச்செல்வி போனில் சொன்னது இவ்வளவுதான்: "அக்கா, நீங்க குடுத்த வெள்ளியும் கருக்குது."

எனக்குச் சேலத்தில் சின்னதாக ஒரு வெள்ளிப் பட்டறை. சாதாரண நகை வெள்ளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரை பங்கு வெள்ளி, மிச்சம் செம்பு. அந்தச் செம்பில் கொஞ்சத்தைக் குறைத்து ஜெர்மானியம் என்ற உலோகத்தைச் சேர்த்தால் வெள்ளி எளிதில் கருக்காது. சில வருடங்களாக நான் அந்த வெள்ளியில்தான் வேலை செய்கிறேன். "கருக்காத வெள்ளியா, ஓடாத தண்ணியா?" என்று கடைக்காரர்கள் கேலி பேசியதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. நம்பி வாங்கிய ஒரே ஆள் முத்துச்செல்வி. ஒரு நகைக் கண்காட்சியில் பழக்கமானவள், பாளையம்பட்டியில் பட்டறை வைத்திருப்பவள். அவளே இப்படிச் சொன்னால் எனக்கு எரியாதா?

பாளையம்பட்டிக்கு டவுன் பஸ், பெண்களுக்கு இலவசம். செல்போன் கடைக்குப் பின்னால் ஒற்றை ஷட்டர் அறைதான் அவள் பட்டறை. நான் உட்காருவதற்குள் ஒரு ஜோடிக் கொலுசை எடுத்து முன்னால் வைத்தாள். வேலையைப் பார்த்ததும் பாதிக் கோபம் போய்விட்டது. இந்த வெள்ளியில் வளையங்களைப் பற்றவைக்கப் பற்றாசுப் பொடியே வேண்டியதில்லை. நெருப்பைச் சரியாகக் காட்டினால் தானாக ஒட்டிக்கொள்ளும். நூற்றுக்கணக்கான வளையங்களை அப்படியே ஒட்டியிருந்தாள், ஒரு தழும்பு இல்லை.

"வேலை அருமைடி. எங்க கருத்திருக்கு?"

கொக்கியை இரண்டு விரலால் வளைத்துக் காட்டினாள். வெண்டைக்காய்க் காம்பு மாதிரி வளைந்தது. உள்பக்கத்தில் லேசான மஞ்சள்.

"வெங்காயக் கூடைக்குள்ள ரெண்டு நாளு போட்டு வச்சேங்க்கா. இப்புடி ஆயிப்போச்சு."

"வெங்காயக் கூடையில நகைய எவளாவது போடுவாளா?"

"வீரசோழன் ஊருத் தண்ணி வெங்காயத்த விட மோசம்க்கா. அந்தப் புள்ள அங்கதான இருக்கு."

அந்தப் பிள்ளையின் பெயர் ஷமீமா. மறுநாள் நிக்காஹ். நிச்சயத்தின்போது மாப்பிள்ளை வீட்டார் போட்ட வெள்ளிக் கொலுசு பத்தே நாளில் கருத்துவிட்டது. மாப்பிள்ளையின் அத்தை ஜைத்தூன் மாமி அதைப் பார்த்துவிட்டு, நாலு பேர் இருக்கையில், "வெள்ளி கருக்குதுன்னா ஒடம்புல என்னமோ கோளாறு இருக்குன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டார். சொல் ஊர் முழுக்கச் சுற்றி ஷமீமாவிடமே வந்து சேர்ந்தது. கல்யாணத்தை யாரும் நிறுத்தவில்லை. ஆனால் அந்தப் பேச்சோடு அந்த வீட்டுக்குள் நுழைய அவளுக்கு மனமில்லை. எந்தத் தண்ணீரிலும் வெளுப்பாகவே இருக்கிற கொலுசு கிடைக்குமா என்று தேடி முத்துச்செல்வியிடம் வந்திருக்கிறாள்.

"செஞ்சு முடிச்சதும் சுட்டியா?" என்று கேட்டேன்.

"ஊதுகுழாயில நல்லாத்தானே காட்டுனேன்."

எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. தப்பு அவள் கையில் இல்லை, பழக்கத்தில். நம் பட்டறைகளில் வெள்ளியைச் சுடுவதென்றால் இளக்கத்தான் சுடுவோம். இந்த வெள்ளிக்கு வேலை முடிந்தபின் இன்னொரு சூடு வேண்டும். செந்நிறம் ஏறக்கூடாது. இருநூற்றிருபது டிகிரிக்குக் குறையாத சூட்டில் இரண்டு மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் அது இறுகும், ஜெர்மானியமும் மேலே வந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோலாகப் படியும். ஊதுகுழாய் ஒரு பக்கம் காய்ச்சும்போது மறுபக்கம் ஆறிப்போகும். சேலத்தில் எனக்கு மின்சார அடுப்பு இருக்கிறது. அதையே நினைத்துக்கொண்டு இவளிடம் சொல்ல மறந்திருக்கிறேன்.

"சேலத்துக்குப் போயிட்டு வர நேரமில்லையேக்கா" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

"பேக்கரி இருக்கில்ல?" என்றேன்.

பத்து மணிக்கு அருப்புக்கோட்டையில் ஒரு பேக்கரியில் கேட்டோம். கல்லாவில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கேக்கு வேகுற எடத்துல கொலுசா? ஓனருக்குத் தெரிஞ்சா என்னயத் தூக்கி உள்ள வச்சிருவாரு" என்றார். பப்ஸ் மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். ஒன்று பதினெட்டு ரூபாய், உள்ளே வெங்காயம்தான்.

வீரசோழனில் விறகு அடுப்பு பேக்கரி ஒன்று இருப்பதாக முத்துச்செல்விக்கு ஞாபகம். பஸ் ஏறினோம். திருச்சுழி வரை பதினைந்து கிலோமீட்டர், அங்கே மாறி இன்னும் இருபதுக்கு மேல். இரண்டு பக்கமும் கரிசல், சீமைக்கருவேலம், கரிமூட்டத்துப் புகை, தண்ணீர் இல்லாத கண்மாய்க்குள் ஆட்டுக் கிடை. கொலுசை எவர்சில்வர் தூக்கில் வைத்து மடியில் பிடித்திருந்தேன். குழியில் பஸ் ஏறி இறங்கும்போதெல்லாம் சத்தம்.

"என்னக்கா, தூக்கு சலங்க கட்டி ஆடுது?" என்றார் கண்டக்டர்.

"கல்யாணக் கொலுசு, தம்பி."

"அப்ப நேரா பொண்ணு வீட்டுக்கா?"

"இல்ல, மொதல்ல பேக்கரிக்கு."

அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போனார்.

பன்னிரண்டரைக்கு வீரசோழன். பேக்கரிக்காரர் சிக்கந்தர் பாய் அப்போதுதான் கடைசி பன் தட்டை எடுத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் ஒரே கேள்விதான் கேட்டார்: "நம்ம ஷமீமாவுக்கா?" ஆமாம் என்றேன். "வைங்க. அந்தப் பேச்சு எங் காதுக்கும் வந்துச்சு."

தணலை முழுக்க வாரி வெளியே தள்ளச் சொன்னேன். புகை பட்டால் வெள்ளி கெட்டுப்போகும். சுத்தமான தட்டில் கொலுசைப் பரப்பி இன்னொரு தட்டால் மூடி உள்ளே தள்ளினோம். எப்போதும் என் பையில் இருக்கும் வெப்பமானி இருநூற்று அறுபது காட்டியது. இரண்டு மணி நேரத்தில் இருநூற்றிருபதுக்கு இறங்கியது. எடுத்து ஆறியதும் முத்துச்செல்வி கொக்கியை வளைக்கப் பார்த்தாள். விரல்தான் சிவந்தது. அவள் போட்ட கூச்சலில் தெருவில் போன சைக்கிள் நின்றது. ஆனால் எனக்குப் பயம் இருந்தது. விறகு அடுப்பில் இதை நான் செய்ததே இல்லை. இறுகியது தெரிந்துவிட்டது. கருக்காதா என்பது தெரியவில்லை.

மூன்றேகாலுக்குக் கல்யாண வீட்டுக்குப் போனோம். ஷமீமா கொலுசை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பேச்சுக்காரி என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்போது ஒரே ஒரு வரிதான் பேசினாள்: "கருக்கும்னு தெரிஞ்சா இப்பவே சொல்லீருங்க, நாளைக்கு வெறுங்காலோட போயிக்கிறேன்."

அந்த நேரம் பார்த்து ஜைத்தூன் மாமியும் அங்கே இருந்தார். "கருக்காத வெள்ளியா? துபாயிலயே கெடையாது" என்றார்.

வீம்பு எனக்கும் உண்டு. கொல்லையில் விருந்தாளிகளுக்காக ஒரு அண்டா முட்டை வெந்துகொண்டிருந்தது. முட்டைக்குள் இருக்கிற கந்தகம் வெள்ளிக்கு எமன். "நாலு முட்டை குடுங்க, ஒரு மூடி போட்ட சட்டி குடுங்க" என்றேன்.

"எங் கொலுசையும் போடு" என்று மாமி தன் காலில் ஒன்றைத் திருகிக் கழற்றினார். "பத்து வருசமா போட்டிருக்கேன். கருத்ததே இல்ல. எங்க ஒடம்பு அப்புடி."

சூடான முட்டைகளை ஓட்டோடு நசுக்கிச் சட்டியில் போட்டு, மேலே வாழையிலைத் துண்டில் மாமியின் கொலுசையும் ஷமீமாவின் ஜோடியில் ஒன்றையும் வைத்து மூடினேன். பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் வந்துவிட்டார்கள். ஒரு மணி நேரம். இஞ்சி டீ கொடுத்தார்கள். முத்துச்செல்வி சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூடியைத் திறந்தது ஷமீமாதான். நாற்றம் குப்பென்று வந்தது. மாமியின் கொலுசு கருகின வெல்லம் மாதிரி பழுப்பும் கறுப்புமாகக் கிடந்தது. பக்கத்தில் ஷமீமாவின் கொலுசு வைத்தபடியே வெளுப்பாக இருந்தது. கொக்கியோரம் நூலளவு மஞ்சள் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். அதைத் துப்பட்டா முனையால் அவள் துடைத்ததும் போய்விட்டது.

ஷமீமா மாமியின் கொலுசை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக் கேட்டாள்:

"மாமி, முட்டைக்கு என்ன ஒடம்புக் கோளாறு?"

வீடே சிரித்தது. பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாமி முகம் சிவந்து, முறைத்து, கடைசியில் அவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "நான் தெரியாமப் பேசிப்புட்டேன்டி" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். பிறகு முத்துச்செல்வியைப் பார்த்து, "எனக்கும் ஒரு சோடி செய்யி. அதையும் அந்தப் பாயி அடுப்புலயே வேகவையி" என்றார்.

ஐந்தரை மணி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை. சேலத்தில் இதே வெள்ளியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, படம் போட்டு, வருடக்கணக்காக விளக்கியிருக்கிறேன். கேட்டவர்கள் கொட்டாவி விட்டார்கள். அங்கே யாருக்கும் அது அவசரமாக வேண்டியிருக்கவில்லை. வீரசோழனில் ஒருத்திக்கு வேண்டியிருந்தது. வெள்ளி வெளுப்பாக இருந்தது என் வெற்றி, முத்துச்செல்வியின் வெற்றி. ஆனால் அந்தச் சட்டியைத் திறந்துவிட்டு ஷமீமா சும்மா இருந்திருந்தால், மாமியின் ஒரு கொலுசு கருத்ததோடு போயிருக்கும். அவள் கேட்டாள். நாளை அவள் தலை நிமிர்ந்து அந்த வீட்டுக்குள் போவாள்.