ஊருணியில் மொண்ட கை

காளியாயிக்கு யாரையும் எளிதில் நம்பிப் பழக்கமில்லை. காரைக்குடியில் ஓர் அரிசி ஆலையில் நெல் அவிக்கிறவள்; ஆலைத் தராசையும் நம்பமாட்டாள், பஸ் கண்டக்டரையும் நம்பமாட்டாள். வலது மணிக்கட்டில் அண்டா சுட்ட தழும்பு பாதி வளையல் மாதிரி வளைந்து கிடக்கும். அதைப் பற்றி யாராவது இரக்கமாக விசாரித்தால்கூட, இவர்கள் எதற்குக் கேட்கிறார்கள் என்றுதான் மனசு ஓடும்.

அப்படிப்பட்டவளைத் தேடி எழுபத்தொன்றாம் வருஷம் சினிமா கம்பெனிக் கார் வந்தது. கூட வந்தவன் சைக்கிள் கடைச் சோணை.

"தேனம்மை ஆச்சி கதையப் படமா எடுக்கிறாக. ஊருணிக் காட்சிக்கு நீயும் வரணுமாம்."

"ஏன், மெட்ராஸுல பொம்பளைக இல்லையாக்கும்?"

இருந்தார்கள். சேரிப் பெண்களாக நடிக்க வந்த சிவத்த பெண்களை ஊருணிக்கரை மரத்தடியில் வரிசையாக உட்காரவைத்து, மேக்கப்காரன் கறுப்புப் பூசிக்கொண்டிருந்ததை அவளே கண்ணால் பார்த்தாள். கறுப்பாகவே பிறந்தவளுக்கு இங்கே என்ன வேலை? திரும்பிப் போயிருப்பாள். ஆச்சியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்ததால் நின்றாள்.

ஆச்சி செட்டிவீட்டுப் பெண். ஒரு காலத்தில் அந்தக் குடிதண்ணீர் ஊருணியில் சேரி ஆட்கள் இறங்கக் கூடாது. குடத்தோடு கரையில் காத்து நிற்க வேண்டும். மனசு இரங்கியவர்கள் மொண்டு வந்து மேலிருந்து ஊற்றுவார்கள். அதை ஒழிக்கத்தான் ஆச்சி சொந்தபந்தத்தையெல்லாம் பகைத்துக்கொண்டு கரையில் வந்து நின்றார். சேரியிலிருந்து முதலில் இறங்கி மொண்டவள் காளியாயி. ஆயுசில் அவள் பெருமைப்பட்ட காரியம் அது ஒன்றுதான். படத்தில் அது வந்துவிட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் அவளுக்கு.

"அம்மா, நீங்க குடத்தை ஏந்தி நில்லுங்க. ஹீரோயின் தண்ணி ஊத்துவாங்க. நீங்க கண்ணீரோட பார்க்கணும்," என்றார் டைரக்டர். ஆச்சி வேஷம் கட்டிய நடிகை மல்லிகைப்பூவாக வெளுத்திருந்தாள்.

"இது ஆரம்பத்துல வருதாங்கய்யா?"

"இதுதாம்மா கிளைமாக்ஸ். போராட்டம் ஜெயிக்குதுல்ல?"

காளியாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதை ஒழிக்க இறங்கினாளோ, அதையே வெற்றி என்று எடுக்கிறார்கள்! தண்ணீர் விழுந்தபோது வெடுக்கென்று குடத்தை இழுத்துக்கொண்டாள். அவ்வளவும் மண்ணில் போயிற்று.

படமெடுப்பதைப் பார்க்க வந்து நாற்காலியில் இருந்த நிஜ ஆச்சி எழுந்து வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"ஏன் காளியாயி? அன்னைக்கு நாந்தானே ஒனக்கு ஊத்துனேன்?"

அந்த முகத்தில் கள்ளம் இருக்கிறதா என்று காளியாயி துழாவினாள். இல்லை. மேடைக்கு மேடை பிறர் சொல்லிச் சொல்லி, ஆச்சிக்கும் அப்படியே மனசில் பதிந்துபோயிருந்தது. கள்ளம் இருந்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

"நீங்க ஊத்தல ஆச்சி. கையக் கட்டிக்கிட்டு நின்னீக. 'நீயே எறங்கி மொண்டுக்க, எவன் வாரான்னு பாப்போம்'னு சொன்னீக. அதுக்குத்தான் இன்னைவரைக்கும் ஒங்களக் கும்புடுறேன்."

ஆச்சி ஊருணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டைரக்டரிடம், "அவ சொல்றதுதான் சரி. அவளே மொள்றதா எடுங்க," என்றார்.

காமிராவைப் படித்துறைக்கே இறக்கி, வெகு அருகில் வைத்து எடுத்தார்கள். காளியாயி நிதானமாக இறங்கி மொண்டாள். "பிரமாதம்மா!" என்றார் டைரக்டர். அன்றைக்கு மட்டும் அவள் யாரையும் சந்தேகப்படாமல் வீட்டுக்குப் போனாள்.

மறுவருஷம் தேவகோட்டைக் கொட்டகைக்குப் படம் வந்தது. காளியாயி தரை டிக்கெட். ஆச்சி பின்னால் நாற்காலியில்.

ஊருணி வந்தது. குடம் தண்ணீரில் அமிழ்ந்தது. திரை நிறையக் கறுத்த கை, மணிக்கட்டில் பாதி வளையலாகத் தழும்பு. காளியாயி தன் மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். கை குடத்தைத் தூக்கியது. தூக்கிக்கொண்டு நிமிர்ந்ததோ, ஆச்சி வேஷம் கட்டிய அந்த நடிகையின் முகம்! கொட்டகையே கைதட்டியது. கறுத்த கைக்கு வெளுத்த முகம் எங்கிருந்து வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

"அடப் பாவிகளா, அது ஏங் கையி!" என்று எழுந்தாள்.

"உக்காரு ஆத்தா, மறைக்குதுல்ல?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவள் ஆச்சியைத் திரும்பிப் பார்த்தாள். ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, எல்லாரையும் போலக் கைதட்டினார்.

அந்தக் கைதட்டல் தன் கைக்கா, அந்த முகத்துக்கா என்று காளியாயி கடைசிவரை கேட்கவில்லை. கேட்டால் ஆச்சி பொய் சொல்லமாட்டார். அதுதான் அவளுக்குப் பயம்.