மூணாம் ஷிப்ட் வாரம்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ராஜபாளையத்தில் ஒரு நகராட்சித் தொடக்கப்பள்ளியில் எனக்கு ஐந்தாம் வகுப்பு. எண்பதுகளின் கடைசி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். ஆசிரியர்களில் நான்தான் சின்னவள் என்பதால், எழுத்து வேலை எதுவானாலும் தலைமையாசிரியர் என் மேஜையில் கொண்டுவந்து வைத்துவிடுவார். அந்த வருடமும் வழக்கம்போல் மேலிடத்திலிருந்து ஒரு பெரிய படிவம் வந்தது. ஆண் எத்தனை, பெண் எத்தனை, வீட்டில் தமிழா தெலுங்கா, தகப்பனார் என்ன தொழில், பிள்ளை என்ன மார்க் என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் என்று முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

அதே வாரம் ஒரு சாயங்காலம், என் வகுப்புப் பெண் ஒருத்தியின் தகப்பனார் வந்தார். மில்லில் வேலை. ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார் போல, தலைமுடியெல்லாம் பஞ்சு. கையில் மகளின் வெள்ளிக்கிழமைப் பரீட்சைத் தாள்கள்.

"பிள்ளைக்குப் படிப்பு ஏறல டீச்சர். ஒரு வாரம் எட்டு வாங்குதா, ஒரு வாரம் ரெண்டு வாங்குதா. டி.சி. குடுத்துருங்க. ஸ்ரீவில்லிபுத்தூர்ல அவ அத்தை வீட்டுல விட்டா தீப்பெட்டி ஒட்டவாவது பழகிக்கிருவா."

எனக்குப் பொதுவாகவே மூக்குக்கு மேல் கோபம். அன்று அவர் மேல் பாதி வந்தது, அந்தப் பெண் மேல் பாதி. அவர் சொன்னதில் பொய் இல்லையே! பத்துக்கு ஒன்பது வாங்குகிறவள் திடீரென்று ஏழாம் வாய்ப்பாட்டில் திருதிருவென்று முழிப்பாள். "வாரத்துக்கு ஒரு புத்தியா ஏட்டி ஒனக்கு?" என்று நானே வைதிருக்கிறேன். ஆனாலும் பத்து வயதுப் பிள்ளையைத் தீப்பெட்டி ஒட்ட அனுப்ப மனம் வரவில்லை. ஒரு மாதம் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். "ஒரு மாசந்தான் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம் பிள்ளைகள் சத்துணவுக்குப் போனதும் படிவத்தை விரித்தேன். பக்கத்தில் மார்க் நோட்டு. அந்தப் பெண்ணின் வரிசையை எழுதும்போது கை நின்றுவிட்டது. எட்டு, ஒன்பது, இரண்டு. எட்டு, எட்டு, மூன்று. ஒன்பது, எட்டு, இரண்டு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, சொல்லிவைத்தாற்போல் விழுகிறாள்! மற்ற பிள்ளைகளின் வரிசைகளையும் துழாவினேன். இன்னும் நாலு பேர் அதே மாதிரி விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் வீட்டில் தெலுங்கு, ஒருத்தி வீட்டில் தமிழ். ஒருத்தி கெட்டிக்காரி, ஒருவன் சுமார். தகப்பனார் தொழில் என்ற கட்டத்தில் மட்டும் ஐந்து பேருக்கும் ஒரே சொல்தான்: மில்.

மில்லில் வாரத்துக்கு ஒரு ஷிப்ட், மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று! சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவளைப் பிடித்தேன்.

"போன வாரம் உங்கப்பாவுக்கு எந்த ஷிப்ட்டு ஏட்டி?"

"மூணாவது டீச்சர்."

"அதுக்கு மூணு வாரம் முந்தி?"

ஈரக்கையில் விரல் விட்டு எண்ணினாள். "அதும் மூணாவதுதான்."

"அந்த வாரம் வீட்டுல படிக்க மாட்டியா?"

"படிப்பேன் டீச்சர், வாய்க்குள்ளயே. அப்பா விளக்கு வச்சதும் படுத்து, பதினோரு மணிக்கு எந்திரிச்சு மில்லுக்குப் போவாக. எங்களுக்கு ஒரே ரூம்பு. சத்தம் கேட்டா முழிச்சிருவாக, பொறவு மிஷின்கிட்ட கண்ணு சொக்கிரும்னு அம்மா வைவாக. வாய்க்குள்ள படிச்சா எனக்கு நிக்க மாட்டேங்குது."

எப்படி நிற்கும்? சத்தம் போட்டுப் படித்தால்தான் படிப்பு என்று பழக்கியவர்களே நாங்கள்தானே! வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷம் தாங்கவும் முடியவில்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்கு ஓடினேன்.

"என்ன டீச்சர், லாட்டரி விழுந்துருச்சா?" என்றார்.

"அதுக்கும் மேல சார்!"

படிவத்தையும் மார்க் நோட்டையும் வாங்கி, ஒவ்வொரு வரிசையாக விரல் வைத்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். "எம்புட்டு வருசமா இத நிரப்பி அனுப்புதேன், ஒரு நா கூடப் படிச்சுப் பாக்கலையே" என்றார். ஏட்டுச் சுரைக்காய் அன்று கறிக்கு உதவிவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை முதல் காலை எட்டு மணிக்கே பள்ளிக்கூடம் திறந்தது. சாவி அவர் பொறுப்பு, சத்தம் என் பொறுப்பு. நான் விடிந்ததும் விடியாததுமாக பஸ் பிடித்தேன். அந்த ஐந்து பேரும் தம்பி தங்கைகளோடு வந்தார்கள். இரண்டே வாரத்தில் வராந்தா நிறைந்தது. ஆளுக்கொரு வாய்ப்பாடு, ஆளுக்கொரு செய்யுள். எதிர்த்த டீக்கடைக்காரர் ரேடியோவில் செய்தி கேட்கவில்லை என்று சண்டைக்கு வந்தார். எனக்கோ கச்சேரிக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதுபோல அத்தனை குஷி.

ஒரு மாதம் முடியவில்லை. மூணாம் ஷிப்ட் வாரம் வந்தது. வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு அந்தத் தகப்பனார் வாசலில் நின்றார். கண்ணெல்லாம் சிவந்து, தலையில் பஞ்சோடு. அன்றைய பரீட்சையைக்கூட அவள் இன்னும் எழுதவில்லை, நான் எதைக் காட்டித் தடுப்பேன்?

"அவ அத்தை ஆள் விட்டிருக்கா டீச்சர். டி.சி.ய..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டு வராந்தாவைப் பார்த்தார். எல்லாக் குரலுக்கும் மேலே ஒரு குரல் பதினாறாம் வாய்ப்பாட்டைப் போட்டு விளாசிக்கொண்டிருந்தது.

"யாரு டீச்சர் அது?"

"உங்க மகதான்."

"எம்மகளா? அவ இம்புட்டுச் சத்தமாப் பேசி நான் கேட்டதே இல்லையே!"

மார்க் நோட்டைத் திறந்து, மூணாம் ஷிப்ட் வாரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். அவர் தூக்கம் கெடாமல் அவள் வாய்க்குள்ளேயே படித்ததையும் சொன்னேன். அந்த நேரம் பார்த்து அவள் திரும்பினாள். அப்பாவைக் கண்டதும், யாரும் சொல்லாமலே, குரல் தானாக இறங்கிவிட்டது. உதடு மட்டும் அசைந்தது. பக்கத்தில் இருந்த தம்பியின் வாயையும் கையால் பொத்தினாள்.

அவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"சத்தமாச் சொல்லு தாயி," என்றார். "அப்பா முழிச்சுத்தான் இருக்கேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். ஒரு பதினாறு பதினாறு என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். டி.சி. பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.